தேனீயை வாட்டும் உண்ணி

கேமரன் மலைக்குச் செல்வோர் தேயிலைத் தோட்டங்களோடு தேனீப் பண்ணைகளையும் கண்டு களிக்கின்றனர். தேன் புட்டி வாங்குவோருள் எத்தனை பேர் வரோவா உண்ணியை அறிவர்?

வேலைக்காரத் தேனீ முழு வளர்ச்சியடைய ஏறத்தாழ 21 நாள் ஆகும். அதில் இறுதி 12 நாள் அறை மூடியிருக்கும். குண்டூசித் தலையளவே உள்ள உண்ணி, மூடுவதற்குச் சற்று முன்பே உள்ளே நுழைந்து, வளரும் தேனீயின் உடற்சத்தை உறிஞ்சுகிறது, நச்சுயிரியையும் பரப்புகிறது. சிறகு சுருங்கிப் பிறக்கும் தேனீயால் பறக்க இயலாது.

ஆசியத் தேனீக்கு இது பழைய பகை. உண்ணியைக் கடித்து அகற்றும். தேன் மிகுதிக்காக வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீக்கோ அத்திறன் குறைவு. மருந்தையே நம்பினால் மெழுகில் நச்சு தங்கும். உண்ணியும் மருந்துக்குப் பழகிவிடும். ஆகவே, தேன் குறைந்தாலும் ஆசியத் தேனீயை வளர்ப்பதே சாலச் சிறந்தது. ஐரோப்பியத் தேனீ வளர்ப்போர், உண்ணி விரும்பிப் பெருகும் ஆண்தேனீ அறைகளையாவது அவ்வப்போது அறுத்து அகற்ற வேண்டும்.