உழைப்பாளர் சிலையில் இல்லாதவர்கள்

ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமாரின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, மெரினாவின் உழைப்பாளர் சிலையைப் பழைய கண்ணால் பார்க்க நம்மால் முடியவில்லை.

சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், லலித் கலா அகாடமியின் முதல் தலைவர். சிலை 1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்டது. தலைவர்களும் புலவர்களும் வரிசைகட்டி நிற்கும் சாலையில் கோவணம் கட்டிய நான்கு உழைப்பாளிகளை நிறுத்தியது சின்னக் காரியமல்ல. அந்த மரியாதை அவருக்கு உண்டு.

ஆனால் அந்த நால்வரும் ஒரே பாறையை ஒரே மூச்சில் நெம்புகிறார்கள். அவர்களுக்குச் சாதி இல்லை. கூட ஒரு பெண்ணும் இல்லை. வடசென்னையின் கதை அப்படியா இருக்கிறது? 1921 பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒருபுறமும் மற்றவர்கள் மறுபுறமுமாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் எரிந்தவை சேரிக் குடிசைகள். 'தொழிலாளி' என்ற ஒற்றைச் சொல் அன்றைக்கு நம்மைக் காப்பாற்றவில்லை.

பழனிக்குமார் மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழியில் இறந்தவர்களின் வீட்டு வாசலில் அவர் நின்று எடுத்த படங்களில் முறுக்கேறிய தசை கிடையாது. உட்கார்ந்திருக்கும் மனைவி, ஒன்றும் புரியாத பிள்ளை, அவ்வளவுதான். எண்ணூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு வெறுங்கையால் இறால் தடவும் இருளர் பெண்ணையும் எடுத்திருக்கிறார். இதுவும் உழைப்புதான். இதைச் சிலையாக வடித்தால் எந்த அமைச்சர் வந்து திறப்பார்?

சிலையின் ஆங்கிலப் பெயருக்கு 'உழைப்பின் வெற்றி' என்று பொருள். இங்கே யாருடைய வெற்றி? கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், மலக்குழியில் ஆள் இறக்குவதையும் தடுக்க 2013இல் இன்னொன்று. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அடுத்த இரண்டாம் மாதம் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அதை வாளியால் அள்ளியது மீனவர்கள்தான்.

கலையிடம் போய்ச் சாதி கேட்கலாமா என்கிறார்கள் சில நண்பர்கள். வேலை கொடுக்கும்போது கேட்கிறார்களே, அங்கே போய்ச் சொல்லட்டும்.

சிலையை அகற்றச் சொல்லவில்லை. மே நாளில் அதற்கு மாலை போடும் சங்கங்கள், பழனிக்குமாரின் படம் ஒன்றையும் ஏந்திக்கொண்டு அங்கே நிற்கட்டும். அன்றைய தீர்மானங்களில் மலக்குழி மரணம் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே.