காவல்காரனைக் காப்பாற்றுங்கள்!

"எங்க பரம்பரையிலேயே யாருக்கும் கேன்சர் கிடையாதே, இவருக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் குடும்பம் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்த பேச்சு, "எல்லாம் தலையெழுத்து!" இப்படிச் சொல்லி முடித்துவிட்டால், வீட்டில் மற்றவர்களைக் காப்பாற்றும் வழியும் அடைபட்டுப் போகிறதே!

நம் உடலில் செல்கள் பிறக்கின்றன, பெருகுகின்றன, வேலை முடிந்ததும் தாமாகவே மடிகின்றன. கருவிலிருக்கும் குழந்தையின் விரல்கள் முதலில் ஒட்டித்தான் இருக்கும். இடையிலுள்ள செல்கள் மடிவதால்தான் ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிகின்றன. செல்லின் சாவுகூட உடம்புக்கு ஒரு சேவைதான்!

எந்தச் செல் பெருகலாம், எது மடியணும் என்று பார்த்துக்கொள்ளும் ஜீன்களில் முக்கியமானது 'பி53'. 1979-ல் இது தெரியவந்தபோது, கேன்சரை வளர்க்கும் வில்லன் என்றே விஞ்ஞானிகள் நினைத்தார்கள். 1989 வாக்கில்தான் இது காவல்காரன் என்று புரிந்தது. செல்லின் டி.என்.ஏ. பழுதானால், இந்த ஜீன் உண்டாக்கும் புரதம் "நில்லு, பெருகாதே!" என்று தடுக்கும். ரிப்பேருக்கு அவகாசம் கொடுக்கும். சரிப்படவில்லையா? அந்தச் செல்லைத் தானே மடிய வைத்துவிடும்.

காவல்காரனே படுத்துவிட்டால்? பழுதான செல் சாகாமல் பெருகிக்கொண்டே போகும். மனிதர்களுக்கு வரும் கேன்சர்களில் சுமார் பாதியில் இந்த ஜீன் பழுதாகியிருக்கிறது. யானைக்கு இது 20 ஜோடி இருப்பதாக 2015-ல் தெரியவந்தது. நமக்கோ ஒரே ஒரு ஜோடி!

பிறக்கும்போதே இது பழுதாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பிறந்த பிறகுதான் கெடுகிறது. கெடுப்பவர்களில் மூவரை நமக்கு நன்றாகவே தெரியும்.

முதல் ஆள், புகையிலை. சிகரெட் புகையிலுள்ள ஒரு ரசாயனம் இந்த ஜீனின் குறிப்பிட்ட இடங்களிலேயே போய் ஒட்டுகிறது. நுரையீரல் கேன்சரில் பழுதாகியிருப்பதும் அதே இடங்கள்தான் என்று 1996-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இரண்டாவது, பூஞ்சை பிடித்த வேர்க்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் விஷம். இது கல்லீரலில் காவல்காரனைக் கெடுக்கிறது. மூன்றாவது, கர்ப்பப்பைவாய் கேன்சருக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ். இது ஜீனை விட்டுவிட்டு, அது உண்டாக்கும் புரதத்தையே அழித்துவிடுகிறது.

இந்த மூன்றில் எது தலையெழுத்து, சொல்லுங்கள்? ஜாதகத்தை நாலு இடத்தில் காட்டுகிறோம். "பீடியை நிறுத்துங்கப்பா" என்று மட்டும் சொல்லத் தயங்குகிறோம். கசக்கிற கடலையை, "காசு கொடுத்து வாங்கினதாச்சே" என்று வறுத்துவிடுகிறோம். வறுத்தாலும் அந்த விஷம் முழுசாகப் போகாது, தூக்கிப் போடுங்கள். எச்.பி.வி. தடுப்பூசியில் 2023 முதல் நம் நாட்டுத் தயாரிப்பும் கிடைக்கிறது. பெண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. "சின்னப் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரே குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில் கேன்சர் வந்திருந்தால், அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தப் புகைக்கும் ஆளாகாதவருக்கும் இந்த நோய் வரலாம். அது அவர் குற்றமல்ல. ஆனால் தடுக்கக்கூடியதைக்கூட விதியின் கணக்கில் எழுதுவது நம் குற்றம்தான்.

ராத்திரி பகலாக நமக்காக விழித்திருக்கும் காவல்காரனுக்கு நாமே விஷம் வைக்கலாமா?