பிளக் சொல்லும் சேதி

சாரல் தொடங்கினால் எங்கள் மேலகரம் வழியாக ஐந்தருவிக்குப் பறக்கும் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிகளின் சத்தம் காதைக் கிழிக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் வேகம் கூடுமாம்! காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டாமா? கார்புரேட்டரில் பெரிய மெயின் ஜெட் போடாமல் விரட்டினால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

போன வருஷம் என் பேரனுக்கு அப்படித்தான் நடுரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் பஸ். மயிரிழையில் பிழைத்தான்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் 'கார்பூரத்தர்' என்ற சொல் மட்டுமே தெரியும். பாடம் பட்டறையில் கற்றது: பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாது, கரி படிந்தால் அதிகம், காப்பிப்பொடி நிறமே சரி.

வண்டியை மாற்றப் பேரன் பணம் கேட்டால் திட்டாதீர்கள். "பிளக்கைக் காட்டுடா" என்று கேளுங்கள்.