எவர் அமைக்கும் குழு? எவருக்கான ஒற்றுமை?

அத்திபெலேத் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலையில் பணியாற்றும் தோழர் ஒருவர் அண்மையில் கிளைக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ‘டீம் பில்டிங்’ என்ற பெயரில் தொழிலாளர்களை ஒரு ரிசார்ட்டிற்கு அழைத்துச் செல்லப் போவதாக நிர்வாகம் அறிவித்துள்ளது. கயிறு இழுத்தல், கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்தல், பலூன் ஊதுதல், இறுதியில் ஊக்கமூட்டும் உரை, பிறகு பிரியாணி. ‘போகலாமா, புறக்கணிக்கலாமா?’ என்று அவர் கேட்டார். சிலர் சிரித்தனர். ஆயினும் இது சிரித்துக் கடக்கவேண்டிய கேள்வி அன்று.

முதலில், நிர்வாகம் ஏன் இதற்குச் செலவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பலர் கூடி உழைக்கும்போது, தனித்தனியே உழைப்பவர்களின் ஆற்றலைக் கூட்டினால் கிடைப்பதைவிடப் பெரிய ஆற்றல் பிறக்கிறது. அந்தக் கூடுதல் ஆற்றலுக்கு மூலதனம் தனியே விலை கொடுப்பதில்லை. ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில் கூட்டுழைப்பைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் விளக்குவது இதைத்தான். விலையின்றிக் கிடைக்கும் இந்த ஆற்றலை இன்னும் பெருக்குவதற்கான வழிகளை மூலதனம் ஓயாமல் தேடிவருகிறது.

அந்தத் தேடலின் புகழ்பெற்ற அத்தியாயம் அமெரிக்காவின் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924இல் தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று தொடங்கிய சோதனை, தொழிலாளர்களின் குழு உணர்வைப் பற்றிய ஆய்வாக வளர்ந்தது. எல்டன் மேயோவின் பெயரோடு சேர்த்து அது இன்றும் மேலாண்மைக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. ஆனால் 1931-32இல் கம்பி இணைக்கும் அறையில் பணியாற்றிய 14 தொழிலாளர்களிடம் கண்டறிந்த உண்மைதான் நமக்கு முக்கியமானது. ஒரு நாளைக்கு எவ்வளவு உற்பத்தி நியாயமானது என்பதை அவர்களே தமக்குள் வகுத்துக்கொண்டிருந்தார்கள். அளவுக்கு மீறி விரைபவரைக் கட்டுப்படுத்தினார்கள்; பின்தங்கியவரைக் காட்டிக்கொடுக்க மறுத்தார்கள். அதாவது, நிர்வாகம் குழு அமைக்க வருவதற்கு முன்பே அங்கு ஒரு குழு இருந்தது. எந்தப் பயிற்சியாளரும் அதை அமைத்துக் கொடுக்கவில்லை.

இந்தச் சொந்தக் குழுவின் இடத்தில் வேறொரு குழுவை வைப்பதே பல நேரங்களில் நிர்வாகத்தின் நோக்கமாக இருந்துவருகிறது. அமெரிக்காவில் முதலாளிகளே அமைத்து நடத்திய ‘கம்பெனி சங்கங்கள்’ பெருகியதால்தான், அத்தகைய ஆதிக்கத்தை 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தடைசெய்ய நேர்ந்தது. நமது நாட்டின் அனுபவமும் வேறல்ல. ஒரே குடும்பம், ஒரே குழு என்ற பேச்சு அன்றாடம் ஒலிக்கும் ஆலைகளில்தான், தொழிலாளர் தாமாகக் கூடியதும் கதவு மூடப்படுகிறது. 2011இல் மானேசர் மாருதி சுசுகி ஆலையில் தொழிலாளர்கள் சொந்தச் சங்கம் கேட்டபோது, நன்னடத்தைப் பத்திரத்தில் கையொப்பமிட்டால்தான் உள்ளே வரலாம் என்றது நிர்வாகம். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கித் திருப்பெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் சங்கத்தோடு பேச மறுத்த நிர்வாகம், ‘தொழிலாளர் குழு’ ஒன்றுடன் உடன்பாடு செய்துகொண்டது. குழு என்ற சொல் மீது நிர்வாகத்துக்கு வெறுப்பில்லை. அந்தக் குழுவை எவர் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பிரச்சினை.

இவ்வளவும் உண்மை. எனினும் ‘இது முதலாளியின் சூழ்ச்சி, புறக்கணிப்போம்’ என்று சொல்லி முடித்துவிடுவது சோம்பலான அரசியல். பத்து மணி நேரம் நின்று வேலை செய்யும் இளம் தொழிலாளிக்கு, சூப்பர்வைசரின் அதட்டல் இல்லாத ஒரு நாள், நண்பர்களோடு சிரித்து விளையாடும் ஒரு நாள் உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. அந்த மகிழ்ச்சியை ஏளனம் செய்யும் சங்கத்தின் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். மேலும், அத்திபெலே எல்லை ஊர். ஓசூரிலிருந்து அன்றாடம் எல்லை கடந்துவரும் தமிழரும், ஆனேக்கல் வட்டாரக் கன்னடரும், தெலுங்கரும், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஒரே லைனில் நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் பெயர்கூடத் தெரியாமல் ஆறு மாதம் கழிவதுண்டு. ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் தேவை கற்பனையானதல்ல. அது முதலில் நம்முடைய தேவை.

ஆகவே போவதா, வேண்டாமா என்பதைவிட, எந்த நிபந்தனைகளின் மீது, எந்தச் செயல்பாட்டை, எவர் தேர்ந்தெடுப்பது என்பதே சரியான கேள்வி. இதில் சங்கம் முன்வைக்கவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவது, நேரம். பயிற்சி என்பது வேலை. அது வேலைநேரத்தில், ஊதியத்துடன் நடக்கவேண்டும். வார விடுமுறையில் நடத்தினால் மாற்று விடுமுறையோ மிகைநேர ஊதியமோ தரவேண்டும். கர்நாடக அரசு 2023இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 12 மணி நேர வேலைநாளுக்கு வழிதிறந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டில் நிறைவேற்றப்பட்ட இதே போன்ற திருத்தம் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. வேலைநாள் நீளும் காலத்தில் எஞ்சியிருக்கும் ஞாயிறையும் ‘விளையாட்டு’ என்ற பெயரில் இழக்க முடியாது.

இரண்டாவது, யார் பங்கேற்பது? நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் பேருந்து, ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சி நிலையில் உள்ளோரும் வெளியே என்றால், அது குழுவைக் கட்டுவதாகாது, பிளவைக் கட்டுவதாகும்.

மூன்றாவது, கண்ணியமும் பாதுகாப்பும். கண்ணைக் கட்டுதல், ஒருவர் மீது ஒருவர் சாய்தல் போன்ற விளையாட்டுகளைப் பல பெண் தொழிலாளர்கள் விரும்புவதில்லை. மறுப்பவரைக் குறித்துவைப்பதோ மதிப்பெண் குறைப்பதோ கூடாது. பணியின் பொருட்டுச் செல்லும் வெளியிடமும், நிறுவனம் அளிக்கும் வாகனமும் பணியிடமே என்று 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் கூறுகிறது. இதைத் தொழிலாளர் அனைவரும் அறிந்திருக்கவேண்டும். கயிறு இழுக்கையில் கை முறிந்தால் அது பணியின்போது நேர்ந்த விபத்தே என்பதை நிர்வாகம் முன்கூட்டியே எழுத்தில் ஏற்கவேண்டும்.

நான்காவதும் முதன்மையானதும் செயல்பாட்டின் உள்ளடக்கம். அத்திபெலேயில் இதைப் பேசும்போது 2023 அக்டோபர் 7ஆம் நாளை மறக்க முடியாது. அன்று இந்த ஊரின் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றி எரிந்ததில் பதினான்குக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் தீபாவளிப் பருவ வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள். தருமபுரி மாவட்டத்தின் அம்மாபேட்டை என்ற ஒரே சிற்றூர் பலரை இழந்தது. அளவுக்கு மீறிச் சரக்கைக் குவித்தவர்களையும், கண்டும் காணாமலும் உரிமம் தந்தவர்களையும் பொறுப்பிலிருந்து எந்தப் பயிற்சியும் விடுவித்துவிடாது. ஆனால் இந்த ஊரின் தொழிலாளிக்கு முதலில் தேவைப்படும் கூட்டுப் பயிற்சி எது என்பதை அந்த நாள் சொல்லிவிட்டது. தீ மூண்டால் எந்த வாயில் வழியே வெளியேறுவது, அந்த வாயில் பூட்டப்படாமல் இருக்கிறதா, மயங்கி விழுந்தவரைத் தூக்குவது எப்படி, எந்திரத்தை நிறுத்தும் பொத்தான் எங்கே, இவை அனைத்தையும் அவரவர் மொழியில் அறிந்திருப்பது எப்படி. இதைவிடச் சிறந்த ‘டீம் பில்டிங்’ வேறெதுவும் இல்லை. ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருப்பதை உணர்ந்தவர்கள் மொழி பார்த்துப் பிரியமாட்டார்கள்.

இது நாம் இரந்து கேட்கும் சலுகை அன்று. போபால் பேரழிவிற்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41ஜி பிரிவு, அபாயகரமான தொழில்களில் நிர்வாகத்தினரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டம் பணிக்குழுக்களுக்கு வழிசெய்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்ற கொள்கையை 1976இல் அரசியல் சட்டத்தின் 43ஏ பிரிவே ஏற்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொகுப்புச் சட்டங்களோ, பாதுகாப்புக் குழு வேண்டுமா என்பதை அரசின் ஆணைக்கு விட்டுவிட்டன. இத்தொகுப்புகளுக்கு எதிரான போராட்டத்தைத் தொடரும்போதே, அவற்றில் எஞ்சியுள்ள பணிக்குழு, குறைதீர்ப்புக் குழு ஆகியவற்றில் பெண்களும் புலம்பெயர்ந்தோரும் உண்மையான பிரதிநிதிகளாக அமர்வதை உறுதிசெய்யவேண்டும். பாதுகாப்புக் குழு கூடாத ஆலையில் பலூன் ஊதச் சொல்லும் நிர்வாகத்திடம், ‘முதலில் அந்தக் குழுவைக் கூட்டுங்கள்’ என்று கேட்பதே நமது பதிலாகட்டும்.

இறுதியாக நம்மைப் பற்றியும் ஒரு சொல். அத்திபெலே வழியே செல்லும் இதே ஓசூர் சாலையை 2016 ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மறித்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். வருங்கால வைப்பு நிதியை எடுக்க மோடி அரசு விதித்த கட்டுப்பாட்டை இரண்டே நாட்களில் திரும்பப் பெறச்செய்தார்கள். அவர்களுக்கு எந்த ரிசார்ட்டும் ஒற்றுமையைக் கற்பிக்கவில்லை. அதே சமயம், அந்தப் பேரெழுச்சியை நிலைத்த அமைப்பாக மாற்றும் வலிமை சங்க இயக்கத்திற்கு அன்று போதவில்லை என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளில் நாம் நடத்தும் விளையாட்டுப் போட்டிகள் எத்தனை? கன்னடமும் தமிழும் இந்தியும் கலந்து ஒலிக்கும் வாயிற்கூட்டங்கள் எத்தனை? ஒடியா பேசும் இளைஞரின் அறைக்குள் நாம் எத்தனை முறை அமர்ந்து தேநீர் அருந்தியிருக்கிறோம்?

கேள்வி கேட்ட தோழருக்குக் கிளை தந்த பதில் இதுதான்: நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள், ஏற்றால் அனைவரும் சேர்ந்து போங்கள், போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பெயரையும் ஊரையும் கேட்டு அறிந்து வாருங்கள். கயிறு இழுக்கக் கற்ற கைகள் பின்னர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை ரிசார்ட்டின் பயிற்சியாளர் தீர்மானிக்கப் போவதில்லை. அது நமது உழைப்பைப் பொறுத்தது.