கீறலை அழிக்க முடியாது

காரில் கீறல் விழுந்ததும் பற்பசையை எடுத்துத் தேய்ப்பவர்கள் நம்மிடையே பலர். எதைத் தேய்க்கிறோம் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அறிவியல் படிக்கும் நாமாவது கேட்க வேண்டாமா?

இன்றைய கார்களில் தகட்டின்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூச்சு இருக்கிறது. அத்தனையும் சேர்ந்தால்கூடப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான்! முடியினும் மெல்லிய ஏட்டின்மேல்தான் நம் வீரத்தைக் காட்டுகிறோம்.

உண்மையில் கீறலை யாராலும் அழிக்க முடியாது. பள்ளத்தின் கரைகளைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறோம், அவ்வளவே. ஆகவே ஆழம் அறிவதே முதல் வேலை. கீறலின்மேல் தண்ணீர் தடவிப் பாருங்கள். மறைந்தால் அது பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நின்றது. காற்றைவிட நீரின் ஒளிவிலகல் எண் பூச்சின் எண்ணுக்கு அருகில் இருப்பதால் ஒளிச்சிதறல் குறைகிறது. விரல் நகம் மாட்டினால் ஆழம் அதிகம். அதைத் தேய்த்துப் போக்க எண்ண வேண்டாம்.

இந்தச் சோதனைகளை எனக்குச் சொன்னது பாடநூல் அன்று, என் தந்தை. பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஒளிவிலகலை நான் விளக்கியபோது, "ஈரத்துல மறையும், காஞ்சா காட்டிக் குடுத்துரும்னு தெரியும். ஏன்னு இன்னைக்குத்தாம்ப்பா தெரியுது" என்றார்.

புதியவர் செய்யத்தக்கது சிறிதே. வண்டியை நன்றாகக் கழுவி மண் போக்கி, நிழலில் நிறுத்தி, மெல்லிய துணியில் சிறிது ரப்பிங் காம்பவுண்டு தொட்டு, ஒரு சாண் இடத்தை மட்டும் இலேசாகத் தேய்க்கலாம். அடிக்கடி துடைத்துப் பார்க்க வேண்டும். மடிப்பு விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே கை வைக்கலாகாது. 2000 எண் வாட்டர் பேப்பரைக் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. தகடு தெரிந்தால் அதே நிறப் பெயிண்டைத் தொட்டு வைத்துத் துருவையாவது தடுக்கலாம்.

ஸ்பிரே அடிப்பதை மட்டும் வீட்டில் வேண்டாம் என்பேன். ஹார்டனர் கலக்கும் பெயிண்டுகளில் ஐசோசயனேட் உண்டு. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். மூக்கில் கட்டும் துணி அதைத் தடுக்காது. என் தந்தை முன்பு வேலை பார்த்த பட்டறையில் பல ஆண்டுகள் கைக்குட்டைதான் முகமூடி. அவர் இருமல் கேட்டுத்தான் நான் இரவில் படிக்கிறேன். வேதியியல் கற்ற நமக்குத் தெரிந்த இந்தச் சொல், நாள் முழுதும் அதைச் சுவாசிப்பவர்களுக்குத் தெரியவில்லையே!

நம் வேதியியல் துறைப் பேராசிரியர்கள் ஒரு மாலை, ஊரிலுள்ள பெயிண்டர்களை அழைத்து இதைப் பேசினால் என்ன? கல்லூரி அரங்கம் 4 மணிக்குமேல் பூட்டித்தானே கிடக்கிறது.