டர்போவைக் கழற்றும் முன்

அத்திப்பட்டுக்காரர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலும், காமராஜர் துறைமுகத்துக்குப் போய்வரும் லாரிகள் கிளப்பும் மண்ணும் கலந்த காற்றைத்தான் இங்கே ஓடும் டீசல் கார்களின் இன்ஜினும் இழுக்கிறது. அந்தக் கார் ஒருநாள் பிக்கப் குறைந்து கரும்புகை கக்கினால், பல பட்டறைகளில் பானட்டை முழுதாகத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது: "டர்போ போயிடுச்சு." மாற்றுவதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பழுதைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றும் இந்த வழக்கத்தை வண்டிக்காரர்கள் இனியும் ஏற்கக் கூடாது.

கரும்புகை சொல்வது ஒன்றுதான்: எரியும் டீசலுக்குப் போதுமான காற்று இல்லை. அது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவால் இருக்கலாம். ஆனால் அடைத்துப்போன ஏர் ஃபில்டர், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், கரி படிந்து மூடாமல் நிற்கும் ஈஜிஆர் வால்வு, காற்று கசியும் சின்ன வேக்குவம் குழாய் எல்லாம் இதே அறிகுறியைத்தான் காட்டும். இவற்றில் பலவும் டர்போ விலையில் சிறு பங்குகூட ஆகாதவை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அப்போதும் டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயும் கிராங்க்கேஸ் பிரீதரும் அடைத்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். சூடேறிய பிறகும் வெண்புகை வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகம் போக வேண்டும். டர்போவே கெட்டிருந்தாலும் கேள்வி முடிவதில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் நிற்கிறது. ஆயில் கசடாகி, வரும் குழாய் அடைத்திருந்தால், புதிதாகப் போட்டதும் அதே வழியில்தான் போகும்.

"ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடுமே" என்பார்கள். பி0299 என்ற பிழைக் குறியீடு, எதிர்பார்த்த காற்றழுத்தம் வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஏன் வரவில்லை என்பதை ஹோஸைத் தடவிப் பார்க்கும் கைதான் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் வந்த பிறகு இது இன்னும் சிக்கலாகியிருக்கிறது. குறுந்தூரமே ஓடும் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் அடைத்துக்கொண்டாலும் பிக்கப் போய்விடும். அதற்காக, சந்தேகத்தோடு வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. டர்போவின் தண்டு ஆடி, அதன் சுழல்சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசத் தொடங்கியிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். கசியும் ஆயிலையே எரிபொருளாக்கி டீசல் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும்.

மெக்கானிக்குகள் சொல்லும் மறுப்பில்தான் உண்மையான கனம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தேடி ஒரு கிளாம்ப்பை மட்டும் இறுக்கிக் கொடுத்தால் யார் கூலி கொடுக்கிறார்கள்? பாகத்துக்குப் பணம் தரும் நாம் தேடும் அறிவுக்குத் தருவதில்லை. அதனால் அறிவு ஒதுங்கி, பாகம் விற்கிறது. ஆகவே சோதனைக்கென்று தனிக் கூலியைப் பேசிக் கொடுங்கள். என்ன பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். கழற்றிய டர்போவைக் கையில் கேட்டு, தண்டை ஆட்டிப் பாருங்கள். தூசி நிறைந்த இடங்களில் ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் சீக்கிரமே மாற்றச் சொல்லும் பக்கம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அத்திப்பட்டில் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கே பொருந்தும்.