நம்ம டி-ஷர்ட்டுக்குச் சாயம் போட்டது யாரு?

ஏற்காடு போனால் ஒண்டிக்கடை பக்கம் நின்று காபித்தூள் வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. எந்த ஊர்க் காபி என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். ஆனா, போட்டிருக்கிற டி-ஷர்ட்டுக்கு எங்கே சாயம் போட்டாங்க? அது லேபிளில் இருக்காது.

இந்தக் கேள்விக்கும் அந்த மலைக்கும் தொடர்பு உண்டு. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. நகருக்குள் வந்ததுமே சாக்கடையோடு சாயக்கழிவும் அதில் சேர்கிறது. அனுமதி இல்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிக்கிறார்கள், மின் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே செய்தி. ஏன்?

விலை மேலே, செலவு கீழே

பிராண்டு நிறுவனம் ஏற்றுமதியாளரிடம் விலையை முடிவு செய்கிறது. அவர் பின்னல், சாயம், தையல் என்று வேலையைப் பிரித்து ஜாப் ஒர்க்குக்கு விடுகிறார். பிராண்டின் ஆடிட் பெரும்பாலும் தையல் ஆலையோடு நின்றுவிடுகிறது. சாயப்பட்டறைக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் கூலி மட்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்பவருக்குச் செலவு கூடும். செய்யாதவர் குறைந்த கூலிக்கே முடித்துத் தருவார். ஆர்டர் யாருக்குப் போகும்னு சொல்லவே வேண்டாம்.

திருப்பூரில் என்ன நடந்தது?

நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 700-க்கும் அதிகமான சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை திரும்ப இயங்கின. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. முறையில் நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். மிச்சமாகும் உப்புநீரைக் காய்ச்சி வற்ற வைக்கிறார்கள்.

ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் காய்ச்ச எரிபொருள் வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்பது இன்னும் தீராத தலைவலி. இவ்வளவும் செய்பவர், எதுவும் செய்யாத ஊரோடு அதே விலையில் போட்டி போட வேண்டும்.

இடித்தால் தீருமா?

தீராது என்பதே என் கருத்து. விதிமீறலுக்கு நடவடிக்கை அவசியம்தான். ஆனால் விசைத்தறிக்காரருக்குச் சாயம் போட்ட நூல் தேவைப்படும் வரை, ஒரு தெருவில் மூடிய பட்டறை இன்னொரு தெருவில் திறக்கும்.

செய்ய வேண்டியவை மூன்று. சிறு பட்டறைகளுக்கு அரசு உதவியோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையம். எல்லா மாநிலங்களுக்கும் ஒரே கண்டிப்பு. சாயக்கூலியில் சுத்திகரிப்புச் செலவைத் தனியாகக் காட்டி, அதைப் பிராண்டே தருவது.

'சஸ்டெய்னபிள்' என்று டேக் மாட்டும் நிறுவனம், தன் சாயப்பட்டறைகளின் பட்டியலையும் வெளியிடட்டும். அதுவரை அந்தச் செலவைக் கட்டுவது ஆறும், அதன் கரையில் கிணறு வைத்திருக்கும் விவசாயியும்தான்.